ரத்தப் பரிசோதனையில் சிக்காத ஆட்டுப் புற்றுநோய்

"ரத்தத்தில் ஒன்றுமில்லை, மந்தை நல்லாயிருக்கு" என்று ஆய்வகம் கொடுத்த ரிப்போர்ட்டை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவர்கள் பார்த்தது மேடி-விஸ்னாவுக்கு. அதுவும் நுரையீரலைக் கெடுக்கும் நோய்தான், ஆனால் என் செம்மறிகளுக்கு இருந்தது யாக்சீக்டே என்ற வைரஸால் வரும் நுரையீரல் புற்றுநோய். அதற்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குவது) தேடிப் பயனில்லை. இதே சாயலுள்ள வைரஸ் மரபணு செம்மறியின் உடம்பில் பிறவியிலேயே இருப்பதால், உடம்பு இதை எதிரியாகவே நினைப்பதில்லை, எதிர்ப்பொருளும் உண்டாக்குவதில்லை. இதை ரத்தம் எடுக்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

அதற்கு முன்பே நிமோனியா என்று ஊசி போட்டாகிவிட்டது. ஊசிக்குக் கொஞ்சம் தேறும், அப்புறம் பழையபடி இரைக்கும். நன்றாகத் தின்றுகொண்டே மெலிந்தால் சந்தேகப்படுங்கள்.

வேறொரு மருத்துவர் வந்து, தேறாது என்று முடிவான ஆட்டின் பின்னங்கால்களைத் தூக்கித் தலையைத் தாழ்த்தினார். மூக்கிலிருந்து நுரைத்த நீர் கொட்டியது. நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், ஆடு மூச்சுத் திணறிப் போகும். நீர் வராவிட்டால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை.

அந்த ஆட்டைக் கருணைக்கொலை செய்து அறுத்துப் பார்த்தோம். நுரையீரல் சுருங்காமல் கனத்துக் கிடந்தது, மூச்சுக்குழாய் நிறைய நுரை. நுரையீரல் துண்டை ஃபார்மலினில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், படிவத்தில் காது வில்லை எண் இல்லை என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். ஆட்டையே புதைத்தாயிற்று, காதுக்கு எங்கே போவது? நல்லவேளை, மருத்துவர் எண்ணைத் தன் நோட்டில் குறித்திருந்தார். ஃபார்மலினில் இருந்ததால் துண்டும் கெடவில்லை. முடிவு வந்தது: புற்றுநோய்தான்.

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. மந்தை முழுக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துக் நுரையீரலில் கட்டி இருந்த ஆடுகளைக் கழித்தோம். சின்னக் கட்டி ஸ்கேனில் தப்பிவிடும், அதனால் ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள். சீம்பால் வழியாகவும் பரவும் என்பதால் அவற்றின் குட்டிகளை இனவிருத்திக்கு வைக்கவில்லை. புது ஆடு வாங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 1933இல் ஐஸ்லாந்து இறக்குமதி செய்த கராகுல் இனச் செம்மறிகளோடு இந்த நோயும் மேடி-விஸ்னாவும் சேர்ந்தே வந்தன. மந்தை மந்தையாக வெட்டித்தான் ஒழித்தார்கள்.

"வெளியே தெரியுமுன் விற்றுவிடு" என்று எனக்கும் யோசனை சொன்னார்கள். இன்னொருவர் பட்டிக்குள் இதை ஏற்றிவிட மனசு வரவில்லை.