கழித்த இருபது சீட்டு

2025 ஜனவரி 21

சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் இன்றோடு முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். படையலில் வடை, பாயசத்துக்குப் பக்கத்தில் அம்மா ஒரு கிண்ணம் ஜவ்வரிசிக் கிச்சடி வைத்திருந்தாள். வேர்க்கடலைப் பொடி, சீரகம், பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு. "காரியத்துல இதென்ன வடக்கத்திப் பண்டம்?" என்று ஓர் அத்தை முகத்தைச் சுளித்தார். அம்மா வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்: "குச்சிக்கிழங்கு நம்முது, ஆலை நம்முது, மூட்டை கட்டறதும் நாம. திங்கத் தெரிஞ்சவன் மட்டும் புனேக்காரன்."

சித்தப்பா என்று எழுதுகிறேன். அவர் என் அப்பாவின் தம்பி இல்லை, அம்மாவின் இரண்டாவது கணவர். அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. இவர் வந்தபோது பதினொன்று. அம்மா சேகோ ஆலையில் களத்து வேலை செய்தாள். வெயிலில் ஜவ்வரிசியைக் காலால் துழாவிக் காயவைப்பது. இவர் அங்கே லோடு ஏற்ற வருகிற லாரி டிரைவர். 1989இல் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆயாதான் தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டாம் பொண்டாட்டி சித்தின்னா, ரெண்டாம் புருஷன் சித்தப்பன். போ, தண்ணி கொண்டுபோய்க் குடு."

மாற்றாந்தாய்க்குக் கதைகள் உண்டு, வசவுகள்கூட உண்டு. மாற்றாந்தந்தைக்கு அகராதியை விட்டால் போக்கிடம் இல்லை.

ஜனவரி 24

அலமாரி மேல்தட்டைச் சுத்தம் செய்தேன். பழைய பிஸ்கட் டின் ஒன்று. உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சீட்டுக்கட்டு. ரப்பர் தொட்டதும் பொடிந்து உதிர்ந்தது. எல்லாமே சின்னச் சீட்டு, இரண்டு முதல் ஆறு வரை மட்டும்.

சீட்டாடாதவர்களுக்கு இது புரியாது. அவர் ஆடியது முந்நூற்று நாலு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு ஜாதியையும் கூட்டினால் 304. ஏழும் எட்டும் பூஜ்யம், ஆனாலும் ஆட்டத்தில் உண்டு. இரண்டு முதல் ஆறு வரை உள்ள இருபது சீட்டுக்கு அந்த மரியாதையும் கிடையாது. உட்கார்ந்ததும் கழித்து ஓரமாக வைத்துவிட வேண்டும். ராஜாவை விட ஜாக்கி எப்படிப் பெரிசு என்று முதல் நாள் கேட்டேன். "ஓனருக்கு மூணு, டிரைவருக்கு முப்பது. இதை விட நியாயமான ஆட்டம் உண்டா பாப்பா?" என்றார்.

அந்தக் கழித்த சீட்டுகளில் எழுதியிருக்கிறார். சீட்டின் முகத்திலேயே, புள்ளிகளுக்கு நடுவில் உள்ள வெள்ளையில், நீலப் பேனாவால். இரண்டில் நிறைய இடம், அதனால் நிறைய எழுத்து. ஆறில் நெருக்கடி.

ஸ்பேட் 2: "காசி. லோடு எறக்கியாச்சு. கங்கைல குளிக்கல. தண்ணி சில்லுனு இருந்திச்சி. வீட்ல குளிச்சேன்னு சொல்லணும்."

கிளாவர் 3: "ஜபல்பூர் தாண்டி பாலம் ஒடஞ்சி 3 நாள். சப்பாத்தி சுடக் கத்துகிட்டேன்."

டைமன் 5: "நாக்பூர். கிளீனர் பையனுக்கு காச்சல். ஆரஞ்சி 1 டஜன்."

நம் ஊர் வழியாகப் போகிற ரோடு அப்போது ஏழாம் நம்பர். கன்னியாகுமரியில் ஆரம்பித்து சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் தொட்டுக் காசியில் முடியும். அதையே அவர் தன் தெரு மாதிரி பேசுவார். பிற்பாடு எண்களை மாற்றி இந்தப் பக்கத்து ரோட்டை 44 ஆக்கினார்கள். இப்போது அது காசிக்குப் போகாமல் ஸ்ரீநகருக்குப் போகிறது. பலகை மாறிய பிறகும் சாகிற வரைக்கும் அவருக்கு அது ஏழாம் நம்பர்தான்.

இரவு பன்னிரண்டரை வரை படித்தேன். கடைசியாக ஆட்டீன் 6. ஊர்ப்பேர் இல்லை. பொடி எழுத்தில் இவ்வளவுதான்: "பாப்பா 10வது பாஸ். 402."

1994. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொல்லி, நான் ஓடிவந்து பேசுவதற்குள் மீட்டர் எகிறியிருக்கும். போனில் "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு "சரி"க்காக ஒரு வருஷம் கோபமாக இருந்தேன். கழித்ததில் பெரிய சீட்டு ஆறுதான். யோசித்து எழுதினாரா, கைக்குக் கிடைத்ததில் எழுதினாரா, தெரியாது.

ஜனவரி 25

எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதுதான் இருக்கிறது. கிளாவர் 4 இல்லை. டின்னை, அலமாரியை, அவருடைய டிவிஎஸ் 50 டூல்பாக்ஸைக்கூடத் தேடிவிட்டேன்.

ஜனவரி 26

போனவரைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடும். ஒரு தீபாவளிக்கு முன்னால் நாக்பூரில் மூணு சீட்டு ஆடி, போனஸ், பேட்டாக் காசு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். அம்மாவின் கொலுசு செவ்வாப்பேட்டையில் அடகுக்குப் போனது. அது என் அப்பா வாங்கித் தந்த கொலுசு. மீட்க முடியவில்லை, முழுகிப்போனது. இரண்டு வருஷம் கழித்து அதை விடக் கனமாக ஒரு ஜோடி வாங்கி வந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா எடுத்துப் பீரோவில் வைத்தாள். இன்றைக்கும் அதே ரோஸ் காகிதத்தில், மடிப்புக் கலையாமல் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் காசு வைத்து ஆடியதை நான் பார்த்ததில்லை. புளியங்கொட்டை, இல்லாவிட்டால் ஏற்காட்டுக் காப்பிக்கொட்டை. செல்போனில் ரம்மி ஆடிய என் அலுவலகத்துப் பையனிடம் ஒருமுறை, "எதிர்ல மூஞ்சியே இல்லாம என்னடா சீட்டு?" என்று கேட்டார். அந்தப் பையனுக்குக் கேள்வியே புரியவில்லை.

பிப்ரவரி 4

வாரிசுச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகம். மனைவி பெயர் வரும், நான் வரமாட்டேன். சட்டப்படி அது சரிதான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள் என்றால் பெற்ற மகள், தத்தெடுத்த மகள். உடன் வந்த மகளுக்கு இடமில்லை. அந்த ஊழியர் பொறுமையாகத்தான் சொன்னார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டபோது "பார்ட்னர்" என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

முந்நூற்று நாலில் எதிரும் புதிருமாக உட்காருகிறவர்கள்தான் ஜோடி. பதின்மூன்று வயதிலிருந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். வீட்டில் அவருக்கு நேராக நிமிர்ந்து பேசாதவள், பாயில் உட்கார்ந்தால் கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும். எனக்காக ஒரு நாளும் விட்டுக்கொடுத்து ஆடியதில்லை. தப்பாகப் போட்டால் எல்லார் முன்னாலும் திட்டுவார். வேறு எதற்கும் என்னைத் திட்டியதே இல்லை, தனக்கு அந்த உரிமை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ.

பிப்ரவரி 16

ஏற்காட்டிலிருந்து போன். எஸ்டேட் ரைட்டர், கணக்கு எழுதுகிறவர். அவர், பேக்கரிக்காரர், ரிட்டையர்டு போஸ்ட்மேன், சித்தப்பா, நால்வரும் மாதம் ஒரு சனிக்கிழமை ஆடுவார்கள். லாரியை விட்ட பிறகு அவர் போன தூரமெல்லாம் அந்த மலை மட்டும்தான். "பாப்பா, நாலாவது கை இல்ல. ஒன்றரை மாசமாச்சு. நீ வர்றியா?" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "போய்ட்டு வா. ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றாள்.

பிப்ரவரி 22, சனி

பஸ்ஸில் ஜன்னலோர சீட். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு.

சின்ன வயதில் இந்த ரோட்டில் வாந்தி எடுக்காமல் நான் ஏறியதே இல்லை. மொத்தம் இருபது வளைவு. கழித்த சீட்டும் இருபது. சித்தப்பா கண்டுபிடித்த வைத்தியம் இது: ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு சீட்டைச் சொல்லவேண்டும். ஆட்டீன் ரெண்டு, ஆட்டீன் மூணு என்று போகும். வரிசை தப்பினால் முதலிலிருந்து சொல்லவேண்டும், ஆனால் வளைவு நமக்காகக் காத்திருக்காது. அந்தப் பதற்றத்தில் வயிறு மறந்துபோகும். இன்றைக்கும் சொல்லிப்பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மா மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நாகலூர் போகிற வழியில் இறங்கி நடந்தேன். சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். லைன் வீட்டு வராந்தாவில் மூன்று பேரும் மேசையைச் சுற்றித் தயாராக இருந்தார்கள். எனக்கு ஒதுக்கியிருந்தது அவருடைய நாற்காலி. கைப்பிடியில் பீடி சுட்ட தழும்பு. யாரும் அவரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. போஸ்ட்மேன் சீட்டைக் கலைத்தார், பேக்கரிக்காரர் வெட்டினார். ஆளுக்கு ஒரு பிடி காப்பிக்கொட்டை.

கிளாவர் ஜாக்கியும் ஒன்பதும் கையில் இருந்த தைரியத்தில், இருநூறு புள்ளி எடுப்பேன் என்று கேட்டேன். துருப்பைக் கவிழ்த்து வைத்தேன். பாதி ஆட்டத்தில் அவசரப்பட்டு அதைத் திறந்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 186.

எதிரில் இருந்த ரைட்டர் சீட்டை மேசைமேல் எறிந்தார். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? அவ்ளோ சீக்கிரம் எதுக்குத் துருப்பைக் காட்டின? உங்க சித்தப்பன் இதான் சொல்லிக் குடுத்தானா?"

நாற்பத்தாறு வயதில் எல்லார் முன்னாலும் திட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பேக்கரிக்காரர் பதறிப்போய் வர்க்கி எடுத்து நீட்டினார்.

அப்போது ஒரு காப்பிக்கொட்டை உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். மேசையின் ஒரு கால் குட்டை. அதன் அடியில் நாலாக மடித்து முட்டுக் கொடுத்திருந்தது ஒரு சீட்டு. ஓரத்தில் கிளாவர் இலை ஒன்று தெரிந்தது, அதன் பக்கத்தில் நீல மை. "பாப்" வரைக்கும் படிக்க முடிந்தது. மிச்சம் மடிப்புக்குள்.

"இதை எடுத்துக்கவா?"

ரைட்டர் குனிந்து பார்த்தார். "அது அவன் வெச்சது. எடுத்தா மேசை ஆடுமே பாப்பா."

கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். அடுத்த கை நான் போடவேண்டும்.