அரக்குத் தட்டில் ஏறாத இரவுகள்

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஒலி ஆவணப் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். 1920-களிலும் 1930-களின் தொடக்கத்திலும் வெளிவந்த, நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும் ஜாஸ் இசைத்தட்டுகளைக் கழுவி, உரிய வேகத்தில் ஓடவிட்டு, டிஜிட்டல் கோப்புகளாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. இவற்றைக் கேட்க வருவோரில் பெரும்பாலோரின் மனத்தில் அமெரிக்க மதுவிலக்குக் காலம் என்றால் ரகசிய மதுக்கூடமும் கள்ளச்சாராயமும் விடிய விடியக் கொண்டாட்டமும்தான். மேசையில் உட்கார்ந்திருந்தவர் கண்ட காட்சி அது. மேடையில் இருந்தவர்களுக்கோ அந்த இரவுகள் வேலை நேரம். அந்த உழைப்பு இசைத்தட்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது, எவ்வளவு ஏறாமல் போயிற்று என்பதை இந்த வேலைதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

1920 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு, மது தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டு செல்வதையும் தடை செய்தது, குடிப்பதைக் குற்றமாக்கவில்லை. வெளிப்படையாக நடந்த மதுக்கூடங்கள் மூடப்பட்டதும் குடி மறைவிடங்களுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே சரக்கின் விலை ஏறியது. அந்த விலையைக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளர் நெடுநேரம் உட்கார்ந்திருக்க ஒரு காரணமும் தேவைப்பட்டது. இசையும் நடனமும் அந்தக் காரணமாயின. சிகாகோவிலும் நியூயார்க்கிலும் கான்சாஸ் சிட்டியிலும் கறுப்பின இசைக்கலைஞர்களுக்கு இவ்வளவு வேலை கிடைத்ததற்கு இந்தத் திருட்டு வணிகமும் ஒரு காரணம் என்பதை மறைப்பதில் பொருளில்லை. சம்பளம் கொடுத்த கைகள் பல வேளைகளில் கும்பல் தலைவர்களின் கைகள்.

என் மேசைக்கு வரும் தட்டுகள் கனமானவை, எளிதில் உடைபவை. அரக்கோடு கல்தூளும் கரிப்பொடியும் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டவை. அந்த அரக்கின் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் பலாச மரங்களிலும் பூவ மரங்களிலும் பூச்சிகள் சுரந்த பிசினிலிருந்து வந்தது. சாராயம் பட்டால் அரக்கு கரைந்துவிடும். ஆகவே வடிகட்டிய நீரும் மென்மையான கழுவுதிரவமும் மட்டுமே பயன்படுத்துவோம். பிறகு வெவ்வேறு பருமனுள்ள ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, பழைய இரும்பு ஊசிகள் தேய்க்காமல் விட்ட பகுதி பள்ளத்தின் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும்.

அடுத்தது வேகம். 78 என்பது பெயரளவுக்குத்தான். அக்காலத் தட்டுகள் பல அதற்குச் சற்று மேலும் கீழுமாகப் பதியப்பட்டவை. ஏறத்தாழ நாலரைச் சுழற்சி பிசகினால் சுருதி அரைச் சுரம் நகர்ந்துவிடும், பாட்டின் நடையும் கூடவே மாறிவிடும். ஊதுகருவிகளுக்கு வசதியான சுருதிகள் சிலவே என்பதால், இரண்டு சுருதிகளுக்கு நடுவே தொங்கும் இசையைக் கேட்டால் வேகம் தவறு என்று கொள்வோம். சிறு வயதில் தம்புராவுக்கு அருகில் உட்கார்ந்து பழகிய காது இந்த வேலையில் எனக்குப் பெரிதும் துணை நிற்கிறது.

1925-க்கு முந்தைய பதிவுகளில் மின்சாரம் இல்லை, ஒலிவாங்கி இல்லை. கலைஞர்கள் ஒரு பெரிய கூம்பைப் பார்த்து வாசித்தார்கள். அந்தக் காற்றதிர்வே மெழுகில் கீறியது. ஜாஸ் கலைஞர் கிங் ஆலிவரின் குழு 1923 ஏப்ரலில் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஜென்னெட் நிறுவனத்தின் கூடத்தில் பதிவு செய்தது. அருகிலேயே இருப்புப்பாதை, ரயில் போகும்போதெல்லாம் வேலையை நிறுத்த வேண்டும். பெரிய முரசின் அடி ஊசியைத் துள்ள வைக்கும் என்பதால் முரசு வாசித்த பேபி டாட்ஸ் பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் காத்தார். இளம் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) மற்றவர்களை மூழ்கடித்ததால் அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் நினைவுகூர்ந்தார். இதே குழு சிகாகோவின் லிங்கன் கார்டன்ஸ் அரங்கில் இரவுதோறும் நடனமாடுவோருக்காக வாசித்த குழு. அங்கே ஆடுவோரின் உற்சாகத்தைப் பார்த்து ஒரு பாட்டை நீட்டலாம். பத்து அங்குலத் தட்டில் ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு மேல் இடமில்லை. மனோதர்மத்தால் வாழும் ஒரு கலையின் மூன்று நிமிடத் துண்டுகளை வைத்துக்கொண்டு அதன் வரலாற்றை எழுதுகிறோம் என்ற எண்ணம் என்னை விட்டு அகன்றதே இல்லை.

இந்தக் குறையை எனக்கு நேரில் காட்டியவர் நடனம் கற்பிக்கும் ஓர் அம்மையார். சார்ல்ஸ்டன், லிண்டி ஹாப் ஆகிய ஆட்டங்களைக் கற்பிப்பவர். பழைய தட்டுகளின் சரியான வேகம் என்ன என்று அறிய வந்திருந்தார். நான் ஒரு தட்டை ஓடவிட்டதும் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, அலமாரிகளுக்கு இடையிலிருந்த குறுகிய இடத்தில் முழங்கால்களை லேசாக மடக்கி நின்றார். முதல் சுற்றில் பாதங்கள் தரையை விட்டு எழவே இல்லை. எடை மட்டும் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டிருந்தது. மூன்றாம் சுற்றில் டிரம்பெட் தனித்து எழுந்தபோது, ஜோடியின் கையை விட்டு விலகுவது போல் பின்னால் நகர்ந்து, தாளத்துக்கு ஒரு கணம் பிந்தி, அடுத்த அடியில் வந்து சேர்ந்தார். இந்த இடத்தில்தான் ஜோடிகள் பிரிந்து தனித்தனியே ஆடுவார்கள், அதற்காகத்தான் வாத்தியக்காரர் இடைவெளி விட்டிருக்கிறார் என்றார். அதே தட்டை நான் பலமுறை கேட்டிருந்தேன். அந்த இடைவெளியைச் சுவைக்காக விட்ட மௌனம் என்றே எண்ணியிருந்தேன். அது இன்னொருவருக்காக ஒதுக்கிய இடம் என்று அன்றுதான் புரிந்தது. அதன்பின் நடனத்துக்கான தட்டுகளின் குறிப்பில் காலப்பிரமாணத்தையும் இத்தகைய இடைவெளிகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த ஆட்டம் வளர்ந்த இடத்தையும் அது எட்டமுடியாத இடத்தையும் பிரித்தவை நியூயார்க்கின் கறுப்பினக் குடியிருப்புப் பகுதியான ஹார்லமில் ஒரே சாலையின் சில நூறு அடிகள்தாம். லெனாக்ஸ் அவென்யூவில் 142-ஆம் தெருவருகே காட்டன் கிளப். கும்பல் தலைவர் ஓனி மேடனின் கையில் இருந்த அந்த விடுதியில் மேடையில் கறுப்பினக் கலைஞர்கள், மேசைகளில் வெள்ளையர்கள். ஆடும் பெண்கள் 5 அடி 6 அங்குலமாவது உயரம் இருக்க வேண்டும், 21 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், நிறம் வெளுத்திருக்க வேண்டும். பியானோ கலைஞர் டியூக் எலிங்டனின் குழு 1927 டிசம்பர் 4 அன்று அங்கே சேர்ந்தது. வானொலி ஒலிபரப்புகள் அவர் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அவர் குழுவின் பப்பர் மைலி தம் டிரம்பெட்டின் வாயில், குழாய் அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை மூடித் திறந்து எழுப்பிய உறுமலைத் தலையணி ஒலிபெருக்கியில் கேட்கும்போது, மூச்சு, தொண்டை, கை மூன்றும் சேர்ந்து செய்யும் கடும் உழைப்பு தெளிவாகத் தெரிகிறது. பார்வையாளர்களுக்கு அது 'காட்டு இசை' என்று விற்கப்பட்டது. அவ்வளவு நுட்பமான ஒரு கலைக்கு அந்த முத்திரையைக் குத்தியதை எண்ணினால் எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது.

அதே சாலையில் 140-ஆம் தெருவுக்கும் 141-ஆம் தெருவுக்கும் இடையே 1926 மார்ச்சில் திறக்கப்பட்ட சவாய் நடன அரங்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்கள். இரண்டு மேடைகள் இருந்ததால் ஒரு குழு ஓயும்போது அடுத்த குழு தொடங்கிவிடும், இசை நிற்காது. ஷார்ட்டி ஸ்னோடன் போன்றவர்கள் லிண்டி ஹாப்பை வளர்த்தது அந்தத் தரையில்தான். வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பங்கள் வீட்டிலேயே நடத்திய விருந்துகளும் அந்நாளில் பெருகின. சிறு நுழைவுக் கட்டணம், வீட்டில் செய்த ஜின், மூலையில் ஒரு பியானோ. ஜேம்ஸ் பி. ஜான்சனும் ஃபேட்ஸ் வாலரும் இடக்கையிலேயே முழுத் தாளத்தையும் தாங்கி வாசித்த இடங்கள் அவை.

இந்த இரவுகள் கலைஞர்களின் உடலைத் தின்றன. தொழிற்சாலைச் சாராயத்தை யாரும் குடிக்காதிருக்க அரசே அதில் நச்சு கலக்க வைத்தது. அது மறைவுச் சந்தைக்குள் புகுந்து 1926 கிறிஸ்துமஸ் காலத்தில் நியூயார்க்கில் பலரைக் கொன்றது. கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக் குடியால் நலிந்து 1931-இல் 28 வயதில் இறந்தார். மைலி காசநோயால் 1932-இல் இறந்தபோது வயது 29. இறந்த ஆண்டை விவரக்குறிப்பில் தட்டச்சு செய்யும்போது என் விரல்கள் ஒவ்வொரு முறையும் தயங்குகின்றன.

பெயர்களே தனி வேலை. எலிங்டனின் குழு ஒப்பந்தக் கட்டுப்பாடுகளைக் கடக்க ஒரு நிறுவனத்துக்கு ஜங்கிள் பேண்ட் என்றும், இன்னொன்றுக்கு ஹார்லம் ஃபுட்வார்மர்ஸ் என்றும் பதிந்தது. தட்டின் நடுப்பகுதியில் கீறியிருக்கும் எண்ணை நிறுவனப் பதிவேட்டோடு ஒப்பிட்டு உண்மையில் வாசித்தவர்களைக் கண்டறிந்து எழுதுகிறோம். கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளைத் தனி வரிசை எண்களில் ஒதுக்கி விற்ற அன்றைய வழக்கத்தையும் குறிப்பில் மறைப்பதில்லை.

எங்கள் அலமாரியில் 1931 முதல் 1933 வரையிலான பகுதி மிக மெலிந்திருக்கும். பொருளாதாரப் பெருமந்தத்தில் இசைத்தட்டு விற்பனை சரிந்து பதிவே அருகிவிட்ட ஆண்டுகள் அவை. 1933 டிசம்பர் 5 அன்று மதுவிலக்கு நீங்கியது. ஆனால் உணவோ பானமோ விற்கும் இடத்தில் நடனமாட உரிமம் கேட்ட நியூயார்க் நகரத்தின் 1926-ஆம் ஆண்டுச் சட்டம் 2017 வரை நீடித்தது. நடன ஆசிரியை இப்போதும் வருகிறார். அந்த மெலிந்த வரிசையில் நடனத்துக்கு ஏற்ற தட்டுகளை அவரோடு சேர்ந்து பிரித்தெடுத்து வருகிறேன்.