கழுத்துத் தமனி அடைப்பு: நாகர்கோவில் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

ஒரு கண்ணில் மேலிருந்து சாம்பல் திரை இறங்கி, சில நிமிடத்தில் விலகிவிட்டது என்று யாராவது சொன்னால் கண்ணாடிக் கடைக்கு அனுப்பக் கூடாது. அதே பக்கத்துக் கழுத்தில் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியைப் பார்க்க வேண்டும். கை கால் தளர்ந்தாலோ வாய் கோடினாலோ கணக்கு மாறும்: வலது கை என்றால் இடது கழுத்து. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்கள், "வெளுப்பாங்காலம் கத்தி கையில நிக்கல, பொறவு சரியாப் போச்சு" என்று போகிற போக்கில் சொல்வார்கள். சரியாகப் போய்விடுவதால்தான் ஆஸ்பத்திரிக்கு வருவது தள்ளிப்போகிறது. பெரிய பக்கவாதம் வர வாய்ப்பு அதிகம் அடுத்த சில நாட்களில்தான். தளர்ச்சி விலகாமல் நின்றால் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

வெறும் தலைகிறக்கத்துக்குக் கழுத்து டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எழுதுவது பெரும்பாலும் வீண் செலவு.

ஜூன் 4

டாப்ளரில் பார்ப்பது ரத்தத்தின் வேகம். குழாய் குறுகக் குறுக வேகம் ஏறும். கழுத்துத் தமனிதான் கரோட்டிட்: பொதுக் கரோட்டிட் கழுத்தில் ஏறி, மூளைக்குப் போகும் உள் கரோட்டிட், முகத்துக்குப் போகும் வெளிக் கிளை என்று பிரியும். உள் கரோட்டிடில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே என்றால் அடைப்பு 50 சதவீதத்துக்குள். 125 முதல் 230 வரை 50–69. 230-ஐத் தாண்டினால் 70-க்கு மேல். இதயத் துடிப்பின் ஓய்வு நேரத்திலும் வேகம் 100-க்கு மேல் இருந்தால், அல்லது பொதுக் கரோட்டிடின் வேகத்தைப் போல் நாலு மடங்குக்கு மேல் வந்தால், 70-க்கு மேல்தான் என்பதில் சந்தேகம் குறைகிறது.

ஏமாற்றும் இடங்கள் உண்டு. ரத்த ஓட்டத்தின் மேல் ஸ்கேன் அலை விழும் கோணம் 60 டிகிரியைத் தாண்டினால் எண் பொய்யாக ஏறும். எதிர்ப்பக்கக் குழாய் முழுக்க அடைத்திருந்தாலும் இந்தப் பக்கம் வேகம் கூடும். சுண்ணாம்பு படிந்த இடத்தில் நிழல் விழுந்து ஒன்றும் தெரியாது. எல்லாவற்றிலும் மோசம், நூலிழை வழி மட்டும் மிஞ்சிய குழாய்: அதில் வேகம் குறைந்துவிடும், ரிப்போர்ட்டில் லேசான அடைப்பு என்று வந்துவிடும். எண்ணை மட்டும் படிக்காமல் படத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஜூன் 5

சாய ஊசி போட்டுக் குழாயைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவுக்கு முன், சிறுநீரகம் தாங்குமா என்று அறிய கிரியாட்டினின் பார்க்க வேண்டும். இங்கே சர்க்கரை நோயாளிகள் அதிகம். சதவீதம் கணக்கிட, மிகக் குறுகிய இடத்தை அதற்கு மேலே நல்லபடியாக இருக்கும் குழாயோடு ஒப்பிட வேண்டும். குறுகல் 1.2 மி.மீ., மேலே 4.8 மி.மீ. என்றால் 75 சதவீதம். குழாய் வீங்கிய அடிப்பகுதியோடு ஒப்பிட்டால் எண் கூடிவிடும். ஈ.சி.ஜி., எக்கோவும் சேர வேண்டும். ரத்தக்கட்டி இதயத்திலிருந்து வந்திருந்தால் கழுத்தைத் திறந்து பயனில்லை.

ஜூன் 6

அறிகுறி வந்தவருக்கு 70 சதவீதத்துக்கு மேல் என்றால், குழாயைத் திறந்து அடைப்பை எடுக்கும் அறுவை. 1991-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டில் அந்தப் பக்கம் பக்கவாதம் வந்தது. அறுவை செய்தவர்களில் 9. முழுக்க அடைத்த குழாயைத் தொடுவதில்லை. அறிகுறி வந்த இரண்டு வாரத்துக்குள் முடித்தால்தான் முழுப் பலன். திருவனந்தபுரம் 65 கிலோமீட்டர் சொச்சம்தான். நாள் போவது ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தேதி வாங்குவதில்.

எழுபது தாண்டியவருக்கு ஸ்டென்ட்டை (குழாயை உள்ளிருந்து விரித்து வைக்கும் வலைக்குழல்) விட அறுவையில் பக்கவாத ஆபத்து குறைவு. வாய்ப் புற்றுக்காகக் கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்கு ஸ்டென்ட். ஆபரேஷன் என்றதும் ஆஸ்பிரினை வீட்டிலேயே நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. அன்று காலையும் அது வேண்டும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டினும்தான்.

ஜூன் 9

இந்த நோயில் மூளையைத் தாக்குவது பெரும்பாலும் அடைப்பிலிருந்து உதிரும் துணுக்கு. அறுவையின் ஒவ்வொரு அடியும் அதற்குப் பயந்து வைத்ததே.

கழுத்துத் தசையின் முன்விளிம்பை ஒட்டிக் கீறி, முகச் சிரையைக் கட்டி வெட்டினால் கிளை பிரியும் இடம் தெரியும். அடைப்புள்ள இடத்தைப் பிடித்து அமுக்கக் கூடாது. சுற்றியுள்ள திசுவைத்தான் குழாயிலிருந்து விலக்க வேண்டும். மேலே குறுக்கே ஓடும் நாக்கு நரம்பைக் கண்ணால் பார்த்த பிறகே இழுப்பான் வைக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க, உடல் எடையில் கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட் ஹெப்பாரின், மூன்று நிமிடக் காத்திருப்பு. ஓட்டத்தை நிறுத்தும் கிளாம்ப் முதலில் மூளைக்குப் போகும் உள் கரோட்டிடில், பிறகு பொதுக் கரோட்டிடில், கடைசியில் வெளிக் கிளையில். கழுத்து மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு விழிப்பில் செய்தால், எதிர்ப்பக்கக் கையில் கீச்சிடும் ரப்பர் பொம்மையைக் கொடுப்பார்கள். அமுக்கும் சத்தம் நின்றால், மூளைக்கு ரத்தம் போக ஷண்ட் என்ற தற்காலிகக் குழாய் வைக்க வேண்டும்.

குழாயைத் திறந்தால் அடைப்பு நெய் காய்ச்சிய சட்டிக் கசடு போல மஞ்சளாக, உள்ளே கறுத்த ரத்தக் கசிவோடு இருக்கும். நடுச் சுவரில் பிளந்து தூக்கினால் தானே கழன்று வரும். மேல்முனை மெலிந்து முடிய வேண்டும். படி மாதிரி நின்றால் ரத்தம் அதைத் தூக்கி வழியை அடைக்கும். அங்கே 7-0 நூலில் இரண்டு மூன்று தையல். தொங்கும் நார்களை ஹெப்பாரின் கலந்த சலைனைப் பீய்ச்சி ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மறுபடி அடைப்பது இங்கேதான்.

பேட்ச் (ஒட்டுத்துண்டு) வைத்து 6-0 புரோலின் நூலில் மூட வேண்டும். நேராகத் தைத்தால் வழி குறுகும். கடைசி முடிச்சுக்கு முன் மூன்று பக்கமும் ஒரு நொடி திறந்து ரத்தத்தை வெளியே விட வேண்டும். கிளாம்ப் எடுப்பதில் வெளிக் கிளை முதலில், பொதுக் கரோட்டிட் அடுத்து. பத்துத் துடிப்பு போன பிறகே உள் கரோட்டிட். காற்றும் துணுக்கும் மிஞ்சியிருந்தால் முகத்துக்குப் போகட்டும், மூளைக்கு வேண்டாம்.

ஜூன் 10

முதல் இரவில் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். வீக்கம் ஏறி, குரல் மாறி, மூச்சு திணறினால் தியேட்டர் தயாராகும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டிலிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும். நாக்கை நீட்டச் சொன்னால் அறுவை நடந்த பக்கம் சாய்கிறதா? நாக்கு நரம்பு இழுபட்டிருக்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும்.

ஜூன் 14

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியது தலைவலி பற்றி. பல காலம் குறைவாக ரத்தம் வாங்கிய மூளைக்குத் திடீரென்று முழு ஓட்டம் கிடைக்கிறது. முதல் வாரத்தில் அந்தப் பக்கம் கடும் தலைவலி, கூடவே பிரஷர் ஏற்றம் என்றால், அடுத்து வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக் கசிவும் வரலாம். தைலம் தேய்த்துப் படுக்கவைக்காமல் பிரஷர் பார்க்க வேண்டும்; மேல் எண் 160-ஐத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. பீடியும் புகையிலை போட்ட வெற்றிலையும் நிற்க வேண்டும். டாப்ளர் ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று, இரண்டு பக்கமும்.