இன்று எத்தனை நிமிடம்?

ஆகஸ்ட் 5, 2025, செவ்வாய்

இரண்டாவது கீமோ இன்று முடிந்தது. மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு முன்னாலேயே மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கப் பார்க்கிறார்கள். 21 நாளுக்கு ஒரு முறை இந்தச் சிவப்பு மருந்து நான்கு சுற்று, அப்புறம் வாரம் ஒன்றாக 12 வாரம் பாக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து.

முதல் சுற்றில் எல்லோரும் சொன்னபடி படுத்தே கிடந்தேன். மூன்றாவது வாரம் மாடி ஏறும்போது எட்டாவது படியில் நின்று மூச்சு வாங்கினேன், இது மருந்து செய்த வேலையா அல்லது படுத்துக் கிடந்ததால் வந்ததா என்று அப்போதுதான் சந்தேகம் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். இரண்டும்தான் என்றார். படுக்கையில் கிடந்தால் தசை சீக்கிரம் கரைந்துவிடும், தசை குறைந்தால் சின்ன வேலைக்கும் உடம்பு அதிகம் உழைக்க வேண்டும், அதனால் களைப்பு கூடும், களைப்பு கூடினால் மறுபடி படுக்கை. இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் ரத்த எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்.

அந்த அம்மா என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினார். 9. போன வருடம் இதையெல்லாம் ஒரு வேலையாகவே நினைத்திருக்க மாட்டேன்.

தினமும் 10 நிமிட நடை, வீட்டுக்குள்ளேயே போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, குதிகால் உயர்த்துவது, ஒவ்வொன்றும் 8 முறை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், வார்த்தைக்கு நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எப்போது செய்யவே கூடாது என்பதைத் தனித் தாளில் எழுதித் தந்திருக்கிறார்: காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது. பிளேட்லெட், அதாவது ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள், 50,000-க்குக் கீழே போனால் என்னைக் கேட்காமல் எடை தூக்காதே என்றும் சொன்னார். தாளை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை நேற்றோடு முடிந்தது. அது இருந்தவரை ராத்திரி தூக்கமில்லை, ஆனால் கை கால் ஓடியது. இன்று காலையில் யாரோ ஈர மணல் மூட்டையை மேலே போட்டது போல இருந்தது.

கட்டிலிலிருந்து வாசல், வாசலிலிருந்து கட்டில். 4 நிமிடம். “படும்மா, உடம்பு என்ன இரும்பா?” என்று அக்கா கத்தினாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்தக் களைப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சாதாரண அசதி மாதிரிதான் தெரிகிறது. வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்ததும் சரியாகும். இது அப்படி இல்லை. நேற்று ராத்திரி 11 மணி நேரம் தூங்கினேன், எழுந்தபோது படுத்தபோது இருந்ததைவிட மோசமாக இருந்தது. தூங்கித் தீர்க்க முடியாத களைப்பு. அதனால்தான் நல்லா ரெஸ்ட் எடு என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது, அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் வருகிறது.

காலை 5 நிமிடம், சாயங்காலம் 5 நிமிடம் என்று பிரித்து நடந்தேன். முடித்ததும் புத்துணர்ச்சி பொங்கியது என்று எழுதினால் பொய். கால் அதே கனம். ஆனால் தலைக்குள் இருந்த மூட்டம் ஒரு மணி நேரத்துக்கு விலகியது, மகன் சொன்ன ஒரு கதையை முழுசாகக் கேட்க முடிந்தது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு கூட்டிய பன்னாட்டு வல்லுநர் குழு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டலைப் பிசியோதெரபிஸ்ட் காட்டினார். வாரம் மூன்று நாள் 30 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி, இந்த அளவுக்குச் செய்தால் களைப்பு, பதற்றம், மனச்சோர்வு குறைய உதவுகிறது என்கிறார்கள். 30 நிமிடம் என்றதும் எனக்கு மலைப்பாக இருந்தது. “அது போய்ச் சேர வேண்டிய இடம், நீ இப்போது இருக்கும் இடம் 5 நிமிடம், அதையே தவறாமல் செய்” என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ராத்திரி 9 மணிக்குக் குளிர் எடுத்தது. தெர்மாமீட்டரில் 100.9. கீமோ எடுப்பவர்களுக்கு 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கூப்பிட்டோம், உடனே வரச் சொன்னார்கள். இன்று நடை இல்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வார்டில் இருக்கிறேன். வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரைதான் அவை மிகக் குறைவாக இருக்கும் காலம், நான் மாட்டியது பத்தாம் நாள். ஆன்டிபயாடிக் ஏறுகிறது. காய்ச்சல் நேற்றிலிருந்து இல்லை.

நடந்ததால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று அக்கா டாக்டரிடமே கேட்டுவிட்டாள். எனக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. நடையால் அல்ல, மருந்து எலும்பு மஜ்ஜையை அடக்கியதால் என்று பொறுமையாக விளக்கினார். இந்த நாட்களில் கூட்டமான இடங்களுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போகாமல் இருப்பதுதான் முக்கியம், வீட்டுக்குள் நடப்பதில் தப்பில்லை என்றார். அக்கா முகம் கொஞ்சம் தெளிந்தது.

படுக்கையிலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுகிறேன், முட்டியை மடக்கி நீட்டுகிறேன். நர்ஸ் வந்து நின்றால் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாற்காலிச் சோதனை: 7. அழுதுவிட்டேன். இரண்டு வாரம் முன்னால் 9 இருந்ததே என்று. பிசியோதெரபிஸ்ட் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, 8 முறையை 5 ஆகக் குறைத்து மறுபடி ஆரம்பி என்றார். அது நல்லதாகவே இருந்தது.

காத்திருக்கும் இடத்தில் ஒரு பெரியவர் பழக்கமானார். அவருக்குப் புற்றுநோய் முதுகெலும்பில் பரவியிருக்கிறது. நான் செய்வதைக் கேட்டுத் தானும் செய்கிறேன் என்றார், எனக்குப் பகீரென்றது. “ஐயா, வேண்டாம், முதலில் கேளுங்கள்” என்று உள்ளே கூட்டிப்போனேன். குனிவது, இடுப்பைத் திருப்புவது, எடை தூக்குவது எதுவும் கூடாது, எலும்பு முறியும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி அவருக்கு உட்கார்ந்தபடி செய்ய வேறு பயிற்சிகள் கொடுத்தார்கள். இதைப் படிக்கும் யாரும் என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

ஆகஸ்ட் 30, சனி

செவ்வாயன்று மூன்றாவது சுற்று. இந்த முறை வெள்ளணுக்களைக் கூட்டும் ஊசியும் போட்டார்கள். அதனால் இடுப்பு எலும்பும் நெஞ்செலும்பும் உள்ளிருந்து குடைகின்றன. மெதுவாக 6 நிமிடம் நடந்தபோது வலி கொஞ்சம் அடங்கியது, நின்றதும் திரும்பி வந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சுற்றின் பதினெட்டாம் நாள், உடம்பு பழைய மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் 35 நிமிடம் நடந்தேன், பாட்டில்களில் தண்ணீர் நிரப்பிக் கைப்பயிற்சியும் செய்தேன். நேற்று முழுதும் எழ முடியவில்லை, இன்று பாதி நாளும் போனது. நல்ல நாளில்தான் கட்டுப்பாடு தேவை என்று எனக்குத் தெரியவே இல்லை. களைத்த நாளில் உடம்பே நிறுத்திவிடுகிறது. இனி நல்ல நாளிலும் முந்தின நாளைவிட 2 நிமிடத்துக்கு மேல் கூட்டுவதில்லை.

கனடாவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 242 பெண்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. தசைப் பயிற்சி செய்தவர்களுக்குத் திட்டமிட்ட மருந்தளவில் கூடுதல் பங்கைக் கொடுத்து முடிக்க முடிந்ததாம். ஒரு ஆய்வை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் அந்தப் பாட்டில்களைத் தூக்கும்போது அந்த 242 பேரை நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 12, புதன்

பாக்லிடாக்சல் ஆறாவது நேற்று முடிந்தது. கால் விரல்கள் மரத்துப்போகின்றன, செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டடி நடந்துவிட்டேன். நரம்பைத் தாக்கும் மருந்து. டாக்டரிடம் சொன்னேன், சொல்லாமல் விட்டால் மருந்தளவைச் சரிபார்க்க அவர்களுக்கு வழியே இல்லை. வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தியாகிவிட்டது, பின்னால் கட்டும் ஷூ, வெளிச்சமான இடம், கைக்கு எட்டும் தூரத்தில் சுவர். நடையோடு இப்போது சமநிலைப் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் 10 விநாடி. இடது காலில் 6 தான் வருகிறது.

நாற்காலிச் சோதனையில் 12. அக்காதான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள், பதினொன்றில் அவள் குரல் உடைந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு செய்ய வேண்டிய தோள்பட்டைப் பயிற்சிகளை இப்போதே பழகச் சொல்லியிருக்கிறார்கள். சுவரில் விரல்களால் மேலே ஏறுவது ஒன்று, அதை மட்டும் இன்று பார்த்து வந்தேன். நாளை காலை 18 நிமிடம். அக்காவும் வருகிறாள்.