டாலி ஆன பிறகும் ஓடும் கணக்கு

வங்கியில் கேஷ் கவுன்டரில் உட்காருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பயம் உண்டு. சாயங்காலம் கையிலிருக்கும் பணமும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும், அதைத்தான் டாலி என்போம். பணம் குறைந்தால் நம் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் எடுத்துக்கொள்ள முடியாது, தனிக் கணக்கில் வரவு வைத்துவிட வேண்டும். அந்தப் பயம்தான் நம்மைக் கவனமாக எண்ண வைக்கிறது. கவுன்டரோடு நின்றால் அது நல்ல பயம். 2016 நவம்பர் 10-ஆம் தேதி, பழைய நோட்டு மாற்ற வந்தவர்களின் வரிசை தெருவரை நின்றதே, அந்த நாட்களிலிருந்து எனக்கு அது வீடு வரை கூடவே வர ஆரம்பித்தது.

சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் தொடங்கும். பென்ஷன் வாங்க வந்த பெரியவருக்கு 200 ரூபாய்க் கட்டு கொடுத்தோமே, அது 500 ரூபாய்க் கட்டாக இருந்திருந்தால்? கட்டுக்கு 100 நோட்டு. 20,000 போக வேண்டிய இடத்தில் 50,000 போயிருக்கும். அப்புறம் விளக்கக் கடிதம், சம்பளப் பிடித்தம், பையனின் ஸ்கூல் ஃபீஸ் என்று மனசு விறுவிறுவென்று ஓடிவிடும். ஒன்று பளிச்சென்ற மஞ்சள், இன்னொன்று சாம்பல் நிறம் என்பது அந்த நேரத்துக்கு ஞாபகமே வராது.

பயிற்சி வகுப்பு ஒன்றில் "எப்பவும் பாசிட்டிவா நினைங்க" என்றார்கள். சொல்வது சுலபம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியடியுங்கள் என்று சொல்லி ஆட்களை உட்கார வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாதி ராத்திரியில் "நினைக்காதே, தூங்கு" என்று தன்னையே அதட்டிப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது.

எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. 1960-களில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வில் இருப்பவர்களுக்குள் தன்னைப் பற்றிய மோசமான எண்ணங்கள் தாமாகவே வந்து போய்க்கொண்டிருப்பதைக் கவனித்தார். அவற்றை விரட்டுவதை விட, சோதித்துப் பார்ப்பதில்தான் அவர் கவனம் செலுத்தினார். இதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது, வேறு காரணம் இருக்க முடியுமா? வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்று கேட்டே பழகிய எனக்கு இது சட்டென்று பிடித்துவிட்டது.

ஒரு பழைய டைரியில் எழுத ஆரம்பித்தேன். "500 கட்டு மாறிப் போயிருக்கும்" என்று ஒரு பக்கம். எதிரே: மாறியிருந்தால் சாயங்காலமே 30,000 குறைந்திருக்கும், குறையவில்லை. மீதி இருந்த கட்டுகளை அதிகாரியும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார், இரண்டு பேர் சாவியும் போட்டுத்தான் பெட்டகம் பூட்டினோம். எழுதி முடிப்பதற்குள் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதி கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருக்கும். இருக்கட்டும்.

எல்லா எண்ணத்துக்கும் இப்படி டாலி கிடைக்காது. மதியம் மேனேஜர், "ஃப்ரீ ஆனதும் கேபினுக்கு வாங்க மேடம்" என்பார். உள்ளே போவதற்குள் மனசு டிரான்ஸ்ஃபர் ஆர்டரே அடித்து முடித்திருக்கும். போனால், பொங்கலுக்கு யார் யார் லீவு என்று கேட்பார். இப்போது அந்த இடைவேளையில், "கூப்பிட்டார், அவ்வளவுதான் தெரியும்" என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். திட்டு விழுகிற நாளும் உண்டு. அன்றைக்கு வாங்கிக்கொண்டு வந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று பேர் பார்க்கிற வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, "உங்க பார்வையை மாத்திக்கோங்க" என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆள் பற்றாக்குறை என் மனப்பிரமை இல்லை. டைரியில் அதற்கு ஆதாரப் பக்கம் நிரம்பி வழிகிறது. அது யூனியன் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம், பேசுகிறோம்.

தூக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் போனாலும் டைரி போதாது. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. இலவசம், இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். எங்கள் கிளையில் ஒருவர் கூப்பிட்டுப் பேசினார். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டச் சொன்னார்களாம். லீவு லெட்டரில் காய்ச்சல் என்று எழுதிவிட்டுப் போய் வந்தார். காரணத்தை அப்படியே எழுத இன்னும் எங்கள் ஆபீஸில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.