அளவு ஜம்பர்

சென்ற மார்கழியில் விடுமுறைக்கு மதுரை வந்திருந்தபோது, தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு ஸ்வெட்டரின் கைப்பகுதியைப் பின்னிக்கொண்டிருந்தேன். மார்கழியானாலும் பகல் பதினொரு மணிக்கு உள்ளங்கை வியர்வையில் கம்பளி நூல் ஒட்டத்தான் செய்தது. பூக்காரியிடம் மல்லிகை வாங்க வெளியே வந்த பெரியம்மா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏத்தா, அந்த ஊர்ல இதெல்லாம் கடையில கெடைக்காதா?" என்று கேட்டார்.

கிடைக்கும், மாடி மாடியாகத் தொங்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் குடியேறிய முதல் ஆண்டில் அந்தக் கடைகளைத்தான் நானும் நம்பியிருந்தேன். அங்கே டிசம்பர் மாதத்தில் காலை எட்டே முக்கால் வாக்கில் எழும் சூரியன் பிற்பகல் மூன்றரைக்குள் மறைந்துவிடும்; வட கடலிலிருந்து வரும் காற்று, குடையை விரிக்கவே விடாது. ஸ்வெட்டர் அங்கு ஆடம்பரமல்ல, அரிசி பருப்பைப் போன்றது. ஆனால் கடையில் இருக்கும் மிகச் சிறிய அளவை எடுத்தாலும் கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. தோள்பட்டை, தோளை விட்டு நழுவி முழங்கையை நோக்கி இறங்கியது. நான் ஐந்தடிக்கும் குறைவானவள். மதுரையாக இருந்தால் புதுமண்டபத்துக்குப் போய், கல்தூணுக்கும் யாளிக்கும் இடையில் அப்போது தையல் இயந்திரம் போட்டிருந்த அண்ணாச்சியிடம் கொடுத்து, அரை மணி நேரத்தில் பிடித்து வாங்கியிருப்பேன். அபர்டீனில் நான் தேடிப்பிடித்த தையற்கடையிலோ, பின்னலாடையில் கத்திரி வைத்தால் கண்ணி, அதாவது நூல் வளையம், ஒவ்வொன்றாகப் பிரிந்து ஓடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த எரிச்சலில்தான் எங்கள் பகுதி நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் கூடும் பின்னல் குழுவுக்குப் போனேன். பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்த பெண்கள்; அவர்களுடைய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியவில்லை, என்னுடையதில் பாதி அவர்களுக்குப் புரியவில்லை. சாதாரணக் கண்ணியும் எதிர்க்கண்ணியும் ஓரளவு கைவந்த பிறகு, குழுவில் மூத்தவர், "அடுத்த வாரம் உனக்குச் சரியாகப் பொருந்துகிற ஜம்பர் ஒன்றைக் கொண்டு வா" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் அப்பத்தா தன் ரவிக்கையை ஜம்பர் என்றுதான் சொல்வார். அம்மா காலத்தில் அது ஜாக்கெட் ஆயிற்று. அங்கே ஜம்பர் என்றால் ஸ்வெட்டர். அவர் கேட்டது வேறொன்றுமில்லை, மதுரையில் தையற்காரரிடம் துணியோடு சேர்த்துக் கொடுப்போமே, அந்த அளவு ஜாக்கெட்டைத்தான். அந்நிய ஊரில் எனக்கு முதன்முதலாக முழுமையாகப் புரிந்த வேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அளவு ஜாக்கெட்டின் கணக்கு ஸ்வெட்டருக்கு அப்படியே செல்லாது என்பதைச் சூடுபட்டுத்தான் கற்றேன். நெய்த துணியில் பத்து அங்குலம் என்றால் யார் தைத்தாலும் பத்து அங்குலம். பின்னலில் அப்படியில்லை, நூலின் பருமன், ஊசியின் பருமன், பின்னுபவரின் கை இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. அதனால் முதலில் உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, காயவைத்து, பத்து சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ண வேண்டும். எனக்கு அதற்குப் பொறுமை இல்லை. என் கையிலிருந்தது ஒரு அமெரிக்கச் செய்முறை; அதில் 6ஆம் எண் ஊசி என்றிருந்தது. குழுவில் ஒருவர் தம் தாயாருடைய பழைய ஊசிகளை எனக்குக் கொடுத்திருந்தார், அவற்றில் 6ஆம் எண்ணும் இருந்தது. அமெரிக்க 6 என்பது 4 மில்லிமீட்டர், பழைய பிரிட்டிஷ் 6 என்பது 5 மில்லிமீட்டர் என்பதும், அமெரிக்கக் கணக்கில் எண் ஏற ஏற ஊசி தடிக்கும், பழைய பிரிட்டிஷ் கணக்கில் எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. 198 கண்ணிகள் போட்டேன். பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்திருந்தால் சுற்றளவு 90 சென்டிமீட்டர் ஆகியிருக்கும். எனக்கு வந்ததோ 18, ஆகவே சுற்றளவு 110. இரண்டு மாத உழைப்பில் உருவான அந்த ஸ்வெட்டருக்குள் நானும் என் கணவரும் சேர்ந்தே நுழையலாம் போலிருந்தது. பிரித்துச் சுற்றிவிட்டு, மறுபடி தொடங்கினேன். நெய்ததைப் பிரிக்க முடியாது, பின்னியதைப் பிரிக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதன் பிறகு கடைகளுக்குப் போகும் நோக்கம் மாறிவிட்டது. வாங்குவதற்காக அல்லாமல் படிப்பதற்காகப் போனேன். பிடித்த ஸ்வெட்டரை உடை மாற்றும் அறைக்கு எடுத்துச் சென்று, உட்புறத்தைத் திருப்பி, கைப்பையிலிருந்த நாடாவால் அளந்து, குறித்துக்கொண்டு, மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். முதலில் பார்ப்பது அக்குள் பகுதியை. அங்கே கண்ணிகள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போனால், அந்தத் துண்டு பின்னும்போதே குறைத்துக் குறைத்து வடிவம் பெற்றது என்று பொருள். அதைக் கையால் அப்படியே பின்னிவிடலாம். சாய்வு எதுவுமின்றி ஓவர்லாக் தையல் மட்டும் ஓடினால், அது துணியாகப் பின்னி வெட்டித் தைத்தது. திருப்பூரில் பனியன் துணி வட்ட இயந்திரத்தில் குழாயாக இறங்கி, வெட்டு மேசைக்குப் போகிறதல்லவா, அந்த முறை. நமக்குப் பின்னலாடை என்றாலே திருப்பூர்தான் என்பதால், துணியே இல்லாமல் நூலிலிருந்து நேரடியாகச் சட்டை உருவாகும் என்பது என் புத்திக்கு எட்டவே பல மாதங்கள் ஆயின.

அடுத்தது கண்ணியின் நுணுக்கம். கடையில் விற்கும் மெல்லிய ஸ்வெட்டர்களில் பல, அங்குலத்துக்கு 12 ஊசிகள் கொண்ட இயந்திரத்தில் பின்னப்பட்டவை. என் கையில் அங்குலத்துக்கு ஐந்தரைக் கண்ணி வந்தாலே நான் மகிழ்ச்சி அடைவேன். ஆகவே அந்த மென்மையைக் கடைக்கே விட்டுவிட்டு, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்வேன்: கழுத்து எவ்வளவு அகலம், கை எங்கே குறுகத் தொடங்குகிறது, இடுப்புப் பட்டை எத்தனை விரற்கடை. இறுக்கம் தளர்வு விஷயத்தில் மட்டும் என் மதுரை மனம் வெகு நாள் முரண்டுபிடித்தது. ஜாக்கெட் என்றால் உடம்போடு ஒட்ட வேண்டும் என்று வளர்ந்தவளுக்கு, மார்புச் சுற்றளவைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் கூட்டிப் பின்னுவது இயல்பு என்பதும், இப்போதைய நாகரிகத்தில் இருபதுக்கு மேலும் கூட்டுகிறார்கள் என்பதும், அளவு தெரியாத தையற்காரர் செய்த பிழைகள் போலவே தோன்றின.

2020இல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில், என் மகள் கைபேசியில் ஒரு கார்டிகன் படத்தைக் காட்டினாள்; முன்புறம் திறந்து பொத்தான் போடும் ஸ்வெட்டர் அது. பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் அணிந்திருந்த, பல நிறச் சதுரங்களை ஒட்டுப்போட்டதுபோன்ற அந்த உடையின் விலை ஆயிரம் பவுண்டுக்கும் மேல். உலகெங்கும் இளைஞர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பின்னத் தொடங்கியதும், அதை வடிவமைத்த ஜொனாதன் ஆண்டர்சன் கோபப்படாமல் ஜூலை மாதம் செய்முறையையே இலவசமாக வெளியிட்டார். பிறகு லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்தக் கார்டிகனைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. நான் மிச்சம் மீதி நூலிலெல்லாம் சதுரங்கள் பின்னி இணைத்தேன். சதுரங்களை இணைக்கும் தையல்தான் உயிரை வாங்கியது. அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை. மகள் அதை மூன்று குளிர்காலம் கழற்றவில்லை.

பார்த்துப் பின்னுவது திருட்டு ஆகாதா என்று எனக்கே ஓர் உறுத்தல் இருந்தது. 1927இல் பாரிசில் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லி வெளியிட்ட, வெள்ளை வில்முடிச்சு கட்டியிருப்பதுபோல் கண்ணை ஏமாற்றும் கறுப்பு ஸ்வெட்டரின் கதையைப் படித்தபோது அது சற்றுக் குறைந்தது. அவரே இத்தாலியிலிருந்து வந்தவர். தோழி அணிந்திருந்த ஒரு ஸ்வெட்டர் பிடித்துப்போக, அதைப் பின்னியவர் யாரென்று விசாரித்து, பாரிசில் குடியேறியிருந்த ஓர் ஆர்மீனியப் பெண்ணைக் கண்டுபிடித்து அவரிடம்தான் பின்னச் சொன்னார். அந்தப் பெண்ணும் என்னைப்போல் நூலைக் கையில் வைத்துக்கொண்டு புது ஊரின் மொழியைக் கற்றிருப்பார் என்று எண்ணிக்கொள்வது என் சொந்தக் கற்பனை.

பணம் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. என் உடம்புக்கே ஆயிரம் மீட்டருக்கு மேல் நூல் வேண்டும். நல்ல ஆட்டுக் கம்பளியில் அதை வாங்கும் விலைக்குச் சாதாரணக் கடையில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கலாம். உடலும் கைகளுமாகச் சேர்த்தால் நாற்பது, ஐம்பதாயிரம் கண்ணிகள். எனக்கு வேண்டியிருந்தது மணிக்கட்டோடு நிற்கும் ஒரு கை, அவ்வளவே.

இவ்வளவையும் பெரியம்மாவிடம் நான் சொல்லவில்லை. "கெடைக்கும் பெரிம்மா, நம்ம அளவுக்குக் கெடைக்காது" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்ட எங்கள் பழைய தையற்காரரிடம் அம்மாவின் ரவிக்கைத் துணிகளைக் கொடுக்கப் போனபோது, முடித்த ஸ்வெட்டரையும் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, உட்புறத்தைத் திருப்பி, அக்குளில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கத்திரியே போடலையா?" என்று கேட்டார். ஒரு முழு நிமிடம் அதை இழுத்து இழுத்துப் பார்த்தார். கொடுக்க மனமில்லாமல்தான் கொடுத்தார்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் மாலை பெரியம்மா மஞ்சள் பையோடு வந்தார். அடுத்த டிசம்பரில் பேத்தியைப் பார்க்கக் கொடைக்கானல் போக வேண்டுமாம், போன முறை குளிரில் முதுகு பிடித்துக்கொண்டதாம். "பொத்தான் முன்னாடி வச்சுரு, நிறம் அரக்குதான்" என்று சொல்லி, பையிலிருந்து துவைத்து மடித்த தன் ரவிக்கை ஒன்றை எடுத்து நீட்டினார். "அளவுக்கு."

அபர்டீனில் அதை மேசைமேல் விரித்து நாடா வைத்தேன். 96 சென்டிமீட்டர். எட்டு கூட்டி 104 என்று எழுதிக்கொண்டு, மாதிரித் துண்டுக்கு அரக்கு நூலை எடுத்தேன்.