எசெய்சாவுக்குப் போன இரண்டு அண்ணன்கள்

எங்கள் வீட்டுக்காரம்மாவின் சமையலறைச் சுவரில், அர்ஜென்டினாவின் அதிபராக இருந்த ஜெனரல் பெரோனின் இரண்டாம் மனைவி எவிட்டாவின் படம் ஒன்று இருக்கிறது. பத்திரிகையிலிருந்து வெட்டிக் கண்ணாடி போட்டது. அதற்கு இரண்டு பக்கமும் ஆணி மட்டும் நிற்கிறது. புவெனோஸ் ஐரிஸுக்கு வந்த புதிதில், அந்த ஆணியில் கரண்டி மாட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார். காரணம் தெரிய எனக்கு மூன்று வருஷம் ஆனது. ஜூன் 20, கொடி நாள் விடுமுறையன்று, மாத்தே என்கிற மூலிகைத் தேநீரை ஊற்றிக்கொண்டே அவராகச் சொன்னார்.

அந்த ஆணிகளில் இரண்டு பெரோன் படங்கள் இருந்தனவாம். அவருடைய பெரிய அண்ணன் மாட்டியதில் ஜெனரல் ராணுவ உடையில் புள்ளிக் குதிரைமேல். சின்ன அண்ணன் மாட்டியதில் கோட்டு இல்லாமல், சட்டைக் கையோடு சிரித்துக்கொண்டு. இரண்டும் ஒரே ஆள்தான். 1974-இல் அவர்கள் அம்மா இரண்டையும் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

பெரிய அண்ணன் உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், தொழிற்சங்கத்து ஆள். சம்பளத்தோடு விடுமுறை, வருஷக் கடைசியில் பதின்மூன்றாவது மாசச் சம்பளம் எல்லாம் பெரோனால் வந்தது என்று அப்பா சொல்லி வளர்ந்தவர். சின்ன அண்ணன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர், பெரோனிய இளைஞர் அணி. ஜெனரல் திரும்பி வந்தால் சோஷலிசம் வரும் என்று உயிரை வைத்து நம்பினார். 1955-இல் ராணுவம் பெரோனை விரட்டிய பிறகு, 1956-இல் அவர் பெயரைச் சொல்வதையே ஒரு ஆணை போட்டுத் தடுத்திருந்தார்கள். அப்பா அந்தப் பெயரை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வாராம். அப்படி ஒளித்து வைத்துச் சொல்லப்பட்ட பெயர்மேல் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாசம் இருந்திருக்கும்!

பெரோன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பதினெட்டு வருஷ நாடுகடந்த வாழ்க்கையில், ஸ்பெயினின் மத்ரித் வீட்டிலிருந்து கடிதமும் ஒலிநாடாவும் அனுப்பிக்கொண்டே இருந்தார். சங்கத் தலைவர்களையும் தட்டிக்கொடுத்தார், துப்பாக்கி தூக்கிய இளைஞர்களையும் ‘சிறப்பு அணிகள்’ என்று பாராட்டினார். 1970-இல் முன்னாள் ராணுவ அதிபர் அரம்புருவைக் கடத்திக் கொன்ற மொண்டொனேரோக்களை, அதாவது பெரோனிய ஆயுதக் குழுவை, அவர் கண்டிக்கவில்லை. ஆளுக்கொரு பெரோனைக் கொடுத்துவிட்டு எட்டத்தில் இருந்துகொண்டார். இதை நான் சொன்னதும் வீட்டுக்காரம்மா மாத்தே குடுவையைக் கீழே வைத்துவிட்டார். "இந்தச் சமையலறையில் அவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது, மகளே."

1973 ஜூன் 20. ஜெனரல் நிரந்தரமாகத் திரும்பி வருகிற நாள். எசெய்சா விமான நிலையத்துப் பக்கம் பல லட்சம் பேர். குளிர்காலம். அம்மா முதல் நாள் ராத்திரியே மிலனேசா என்கிற, ரொட்டித்தூளில் புரட்டிய இறைச்சியைப் பொரித்து, ரொட்டிக்குள் வைத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே துணிப்பையில் கட்டினார். அண்ணன்கள் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். நெடுஞ்சாலையில் பிரிந்தார்கள். பெரியவர் சங்கத்து ஆட்களோடு மேடைப் பக்கம், சின்னவர் தெற்கிலிருந்து வந்த இளைஞர் ஊர்வலத்தோடு. பை பெரியவர் கையில் போய்விட்டது.

மேடை நெடுஞ்சாலைப் பாலத்துமேல். அதன் காவல் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒசிந்தேயின் பொறுப்பில், வலதுசாரிகள் கையில் இருந்தது. இளைஞர் ஊர்வலம் மேடையை நெருங்கியபோது அங்கிருந்து சுட்டார்கள். குறைந்தது 13 பேர் செத்தார்கள் என்று எழுதுகிறார்கள். எந்த அரசும் முறையாக விசாரித்துச் சாவுக் கணக்குச் சொன்னதில்லை. பெரோனின் விமானம் மோரோன் ராணுவத் தளத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. அத்தனை பேரும் பார்க்கப் போன மனிதரை அன்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

பெரியவர் ராத்திரி பத்து மணிக்கு வந்தார். பை நசுங்கியிருந்தது. சின்னவர் பங்கைத் தட்டில் எடுத்து மூடி வைத்தார். சின்னவர் விடியற்காலையில் நடந்தே வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்டது ஒன்றுதான்: "சுட்டது யார்?" பெரியவர், "நான் கீழே நின்றேன், நான் சுடவில்லை" என்றார். சின்னவர் அந்தத் தட்டைத் தொடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது.

செப்டம்பர் 23 தேர்தலில் பெரோன் கிட்டத்தட்ட 62 சதவீதம் வாங்கி ஜெயித்தார். இரண்டே நாளில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் ருச்சியைச் சுட்டுக் கொன்றார்கள். மொண்டொனேரோக்கள் வேலை என்றுதான் ஊரே பேசியது. பெரியவர் அந்தச் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தார். அன்று ராத்திரி அவர் சின்னவரிடம் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்டிருக்கலாம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1974 மே தினத்தன்று அதிபர் மாளிகைக்கு எதிரே இருக்கிற பிளாசா தே மாயோ சதுக்கத்தில் வீட்டுக்காரம்மாவும் இருந்தார், இருபத்திரண்டு வயது. மக்கள் அரசு முழுக்க ஏன் கொரில்லாக்கள் நிறைந்திருக்கிறார்கள், ஜெனரல், என்று இளைஞர்கள் கோஷம் போட்டார்கள். ஆயுதம் தூக்கும் கெரில்லா இல்லை, கொரில்லாக் குரங்கு; இந்த ஊரில் பெரோன் எதிரிக்கு அதுதான் பட்டப்பெயர். மாடத்தில் நின்ற பெரோன் அவர்களை மீசை முளைக்காதவர்கள், முட்டாள்கள் என்று ஏசினார். கொடிகளைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் திரும்பி நடந்தார்கள். "பெரிய அண்ணன் முன்னால் கைதட்டிக்கொண்டிருந்தார், சின்ன அண்ணனின் முதுகு தெரிந்தது. நடுவில் எவ்வளவு பெரிய வெற்றிடம் தெரியுமா!" என்று கையை விரித்துக் காட்டினார். அன்று சாயங்காலம்தான் அம்மா படங்களைக் கழற்றியது.

இரண்டு மாசத்தில், ஜூலை 1, பெரோன் செத்துப் போனார். துணை அதிபராக இருந்த அவருடைய மூன்றாம் மனைவி இசபெல் அதிபரானார். அமைச்சர் லோபெஸ் ரேகாவின் ‘மூன்று ஏ’ என்கிற கொலைக் கும்பல் இடதுசாரிகளைத் தேடித் தேடிக் கொன்றது. 1976 மார்ச் 24-இல் ராணுவம் வந்தது. சின்னவரை 1977-இல் ஒரு ராத்திரி கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. காவல் நிலையம், ராணுவ முகாம் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியது பெரிய அண்ணன்தான்.

2025-இல் புவெனோஸ் ஐரிஸ் மாகாணத் தேர்தல் தேதிக்காக, பெரோனியர்களுக்குள்ளேயே, ஆளுநர் கிசிலோஃப் ஆட்களும் முன்னாள் அதிபர் காம்போராவின் பெயரைத் தாங்கிய லா காம்போரா அணியும் முறைத்துக்கொண்டு நின்றபோது, வீட்டுக்காரம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். காம்போரா 1973-இல் 49 நாள் மட்டும் அதிபராக இருந்தவர். சின்ன அண்ணன் ஓட்டுக் கேட்டு அலைந்தது அவருக்காகத்தான்.

2006 அக்டோபர் 17-இல் பெரோனின் உடலை சான் விசென்தேயில் இருக்கிற அவருடைய பண்ணை வீட்டுக்கு மாற்றினார்கள். பெரிய அண்ணனுக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. இந்தச் சமையலறையில்தான் உட்கார்ந்து டிவி பார்த்தார். சவப்பெட்டி போகிற இடத்தில் இரண்டு தொழிற்சங்கங்களின் ஆட்கள் கல்லும் கட்டையுமாக மோதிக்கொண்டார்கள், ஒருவன் துப்பாக்கி எடுத்துச் சுட்டான். எழுந்து போய் டிவியை அணைத்தாராம். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையிடம் கேட்டாராம்:

"அன்னைக்கு அவன் பங்கு ரொட்டியை யார் சாப்பிட்டது?"

"யாரும் சாப்பிடல. ரெண்டு நாள் வச்சிருந்து, அம்மா கோழிக்குப் போட்டுட்டாங்க."